கிருமி இல்லாத நீர்

பெங்களூருக்காரர்கள் இன்றும் டாடா இன்ஸ்டிடியூட் என்றே சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தின் நூலகத்துக்கு ஒரு கேள்வியோடு போனேன். செல்லுக்குள் செய்தி எப்படிப் போகிறது என்று விளக்கும் பாடநூல்கள் காலரா நஞ்சைத் தவறாமல் உதாரணம் காட்டுகின்றன. அந்த நஞ்சு இருப்பதை நிரூபித்தவர் பெயர் மட்டும் பலவற்றில் இல்லை. யார் அவர்?

தடத்தைப் பின்னோக்கிப் பிடித்தேன். நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தது 1969இல், அமெரிக்காவில், ஃபிங்கல்ஸ்டைன் குழு. அதற்கும் பத்தாண்டு முன்னே போனால் 'நேச்சர்' இதழின் 183ஆம் தொகுதி, 1533ஆம் பக்கம். 1959 மே 30. மொத்தமே இரண்டு பக்கக் கட்டுரை. எழுதியவர் கல்கத்தாவின் சம்புநாத் டே.

அவருடைய செய்முறை 1953ஆம் ஆண்டுக் கட்டுரையில் கிடைத்தது. முயலின் சிறுகுடலில் சுமார் நான்கு அங்குலத் துண்டை இரு முனையிலும் நூலால் கட்டி, உள்ளே காலரா கிருமியை ஊசியால் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிடுகிறார். மறுநாள் திறந்தால் அந்தத் துண்டு மட்டும் நீர் கோத்து உப்பிக் கிடக்கிறது. 1959இல் அதே குடல், அதே நூல் கட்டு. ஆனால் உள்ளே போனது கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி எடுத்த, கிருமியே இல்லாத நீர். அப்போதும் குடல் நிரம்பியது. கிருமி சுரக்கும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்று ராபர்ட் காக் 1884இல் கொண்ட ஊகத்துக்கு 75 ஆண்டு கழித்துச் சான்று கிடைத்தது.

அந்த நஞ்சு குடல் செல்லைச் சிதைப்பதில்லை. அதன் செய்திப் பாதையைக் கைப்பற்றுகிறது. ஒரு பகுதி செல்லின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ள, மற்றொரு பகுதி உள்ளே நுழைகிறது. வேலை முடிந்ததும் தானே அணைய வேண்டிய ஜி புரதத்தை அது அணையவிடாமல் செய்கிறது. செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி பெருகுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. பின்னாலேயே தண்ணீரும் போகிறது. ஜி புரதங்களைப் புரிந்துகொள்ளவே ஆய்வாளர்களுக்கு இந்த நஞ்சு கருவியானது. அந்தப் புரதங்களைக் கண்டறிந்த கில்மனும் ராட்பெலும் 1994இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

டே 1985இல் மறைந்தார். இந்திய அறிவியல் அகாதெமி எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. என் தேடல் முடிந்தது பெங்களூரிலேயே: 1932 முதல் இங்கிருந்து வரும் 'கரண்ட் சயன்ஸ்' 1990இல் அவர் நினைவாகச் சிறப்பிதழ் கொண்டுவந்திருக்கிறது. நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவரைப் போற்றியிருக்கிறார்.

நஞ்சு குளோரைடு வாசலைத் திறந்து வைத்தாலும், சர்க்கரையோடு உப்பை உறிஞ்சும் வாசலை மூடுவதில்லை. ஓஆர்எஸ் கரைசல் உயிர் காப்பது அந்த வாசல் வழியாகத்தான். காலரா நஞ்சைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், அந்த முயல் குடலில் நூல் கட்டியவரின் பெயரையும் கரும்பலகையில் எழுத வேண்டும்.