பிசகு

இருக்கவேண்டிய இடத்திலிருந்து வழுவுவது பிசகு. கால் நரம்பு புரண்டால் மதுரைப் பக்கம் ‘பிசகிருச்சு’ என்பார்கள். கணக்கில், வாக்கில் நேரும் தவறுக்கும் இதே சொல்தான். ‘மணி பிசகாமல்’ என்னும்போது அது காலத்தையும் தொடுகிறது. ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினியின் கடிகாரம் விலகி ஓடுவதைத் துறையினர் ‘டிரிஃப்ட்’ என்கிறார்கள். சிலர் ‘நகர்வு’ என எழுதுவது பொருந்தவில்லை. நகர்வதுதானே கடிகாரத்தின் வேலை! விலகல் பழைய கடிகாரத்துக்கும் உண்டு. முல்லைப்பாட்டு ‘கன்னல்’ என்று குறிக்கும் நீர்க்கடிகார மரபில், துளையிட்ட வட்டில் நீரில் மூழ்க ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். 60 நாழிகை ஒரு நாள். காவலிருப்பவர் கண்ணயர்ந்தால் ஒரு நாழிகை கணக்கில் விழாது. மெய்நிகர் கணினியிலும் நடப்பது இதுவே: அதைத் தாங்கும் தாய்க்கணினி தன் செயலியை வேறொன்றுக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் வந்த கடிகாரத் துடிப்புகளை மெய்நிகர் கணினி எண்ணத் தவறினால், அதன் மணி பிந்திப்போகும். மதுரையில் உச்சிப்பொழுது இந்திய நேரத்துக்குச் சராசரியாகப் பதினேழரை நிமிடம் பிந்தி வருவது பிசகு அல்ல. அது தீர்க்கரேகையால் வரும் மாறாத வேறுபாடு. பிசகோ நாளுக்கு நாள் சேரும். ‘க்ரோனி’ போன்ற, வலைவழி நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி நிரல், சிறு பிசகைக் கடிகார வேகத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறது. சட்டென்று பின்னுக்குத் தள்ளினால் பதிவேடுகளின் வரிசை குலையும். தாய்க்கணினியின் நேர ஒத்திசைவும் என்டிபியும் ஒரே கடிகாரத்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்கக்கூடும். ஆகவே திருத்தும் பொறுப்பை இரண்டில் ஒன்றிடம் மட்டும் விடுவதே முறை. கடிகாரம் விலகும் இந்தக் கோளாறுக்குப் ‘பிசகு’ என்ற சொல்லே போதும்.