பெரியகுளம் மக்களவைத் தொகுதி: ஒரு பெயரின் வரலாறு

தொகுக்கப்பெற்றது தொகுதி. பாடல்களைத் தொகுத்தால் தொகைநூல். ஊர்களைத் தொகுத்தால் தேர்தல் தொகுதி. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊரை 30 குடும்புகளாகப் பகுத்துக் குடவோலை வழியே சபையினரைத் தேர்ந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. அந்நாளில் நிலமும் கல்வியும் உடையோர்க்கே அவ்வுரிமை இருந்தது. இந்தியக் குடியரசின் முதற் பொதுத்தேர்தலிலோ 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவரும் வாக்குரிமை பெற்றனர். அம்முதல் தேர்தலில் தோன்றிப் பதினான்கு மக்களவைகளுக்கு உறுப்பினரை அனுப்பிப் பின்னர் மறைந்த தொகுதி பெரியகுளம். வைகை, முல்லையாற்றுக் கரைகளில் வாழும் மக்களின் அரசியல் முகவரியாக ஐம்பத்தேழு ஆண்டுகள் விளங்கிய பெயர் அது.

வீரபாண்டியும் தொகுதிப் பெயரும்

முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயிலாலும் சித்திரைத் திருவிழாவாலும் புகழ்பெற்ற வீரபாண்டி, எந்நாளும் தன் பெயரில் ஒரு தொகுதியைப் பெற்றதில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில் காணப்பெறும் ‘வீரபாண்டி’ சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. பாண்டியன் பெயர் தாங்கிய இவ்வூர், மக்களவையைப் பொறுத்தவரை முன்னர்ப் பெரியகுளத்தின் பெயராலும் 2009 முதல் தேனியின் பெயராலுமே அறியப்பட்டு வருகிறது. சிற்றூர்கள் பேரூர்களின் பெயரால் பேசுவதே தேர்தல் முறையின் இயல்பு. எனவே அப்பெயரின் வரலாறு பெரியகுளம் நகரத்தார்க்கு மட்டும் உரியதன்று, வீரபாண்டியார்க்கும் உரியது.

உறுப்பினர் வரிசை

1952இல் காங்கிரசு சார்பில் கே. சக்திவடிவேல் கவுண்டர் முதல் உறுப்பினரானார். 1957இல் ஆர். நாராயணசாமியும் 1962இல் மலைச்சாமியும் அக்கட்சியின் சார்பிலேயே வென்றனர். 1967இல் தமிழகமெங்கும் வீசிய மாற்றக் காற்று இங்கும் வீசியது. தி.மு.க.வின் எச். அஜ்மல்கான் வெற்றி பெற்றார். 1971இல் முஸ்லிம் லீக்கைச் சேர்ந்த எஸ். எம். முகமது செரீப் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1974இல் கச்சத்தீவு உடன்படிக்கையை மக்களவையில் எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களுள் இவரும் ஒருவர். மலைகள் சூழ்ந்த, கடற்கரையே இல்லாத தொகுதியின் உறுப்பினர் மீனவர்க்காகப் பேசினார் என்பது எண்ணத்தக்கது.

1977இல் அ.தி.மு.க.வின் எஸ். இராமசாமி, 1980இல் தி.மு.க.வின் கம்பம் நடராசன், 1984இல் அ.தி.மு.க.வின் பி. செல்வேந்திரன், 1996இல் தி.மு.க.வின் ஆர். ஞானகுருசாமி எனத் தொகுதி இரு திராவிடக் கட்சிகளையும் மாறி மாறி ஏற்றது. 1998இல் வென்ற சேடப்பட்டி இரா. முத்தையா நடுவண் அமைச்சரவையில் தரைவழிப் போக்குவரத்துத் துறையைப் பெற்றார். ஆயினும் அப்பதவி சில வாரங்களே நீடித்தது. 1999இல் டி. டி. வி. தினகரன் வென்றார். 2004இல் அவரைத் தோற்கடித்துக் காங்கிரசின் ஜே. எம். ஆரூண் ரஷீத் பெரியகுளத்தின் இறுதி உறுப்பினரானார்.

இவ்வரிசையில் இரு செய்திகள் கருதத்தக்கன. இசுலாமியர் பெரும்பான்மையராக இல்லாத இத்தொகுதி, இசுலாமியர் மூவரை மக்களவைக்கு அனுப்பியது. இது இம்மண்ணின் பெருமை. மற்றொன்று குறை. 1989இல் போடிநாயக்கனூரில் வென்ற ஜெ. ஜெயலலிதா தமிழகச் சட்டமன்றத்தின் முதற் பெண் எதிர்க்கட்சித் தலைவரானார். 2002, 2006 தேர்தல்களில் ஆண்டிபட்டியில் வென்றார். சட்டமன்றத்துக்கு ஒரு பெண்ணை இவ்வாறு ஏற்ற மக்கள், மக்களவைக்கோ பதினான்கு தேர்தல்களில் ஒரு பெண்ணையும் அனுப்பவில்லை. தேனித் தொகுதியிலும் 2024 தேர்தல் வரை இந்நிலை மாறவில்லை.

பெயர் மறைந்த வகை

1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து தேனி மாவட்டம் பிரிக்கப்பெற்றபோதே பெரியகுளத்தின் முதன்மை குறையத் தொடங்கிற்று எனலாம். வட்டத் தலைநகராக நெடுங்காலம் விளங்கிய பெரியகுளத்தை விடுத்து, வணிகத்தால் வளர்ந்த தேனி மாவட்டத் தலைநகராயிற்று. நீதிபதி குல்தீப்சிங் தலைமையிலான எல்லை வரையறை ஆணையம், 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் அடிப்படையில் தொகுதிகளைத் திருத்தியமைத்தது. 2008இல் அது நடைமுறைக்கு வந்தது. பெரியகுளம் மக்களவைத் தொகுதி நீங்கித் தேனித் தொகுதி தோன்றிற்று. தேனி, சேடப்பட்டி என்னும் சட்டமன்றத் தொகுதிகளும் அப்போதே மறைந்தன. பெரியகுளம் தனிச் சட்டமன்றத் தொகுதியாக மட்டும் எஞ்சிற்று.

புதிய தேனித் தொகுதியில் பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம், ஆண்டிபட்டி ஆகியவற்றோடு மதுரை மாவட்டத்து உசிலம்பட்டியும் சோழவந்தானும் இடம்பெற்றன. கம்பம் பள்ளத்தாக்கின் இயற்கை எல்லையைத் தாண்டி வைகைச் சமவெளி வரை தொகுதி நீண்டது. மலையடிவாரத்தார்க்கும் சோழவந்தான் வயல்காரர்க்கும் என்ன உறவு என்னும் வினா எழுதல் இயல்பே.

நீர் வரைந்த தொகுதி

அவ்வினாவிற்கு நீரே விடை கூறுகிறது. 1886இல் திருவிதாங்கூருடன் செய்யப்பெற்ற 999 ஆண்டுக் குத்தகையின்வழிப் பென்னிகுவிக் எழுப்பிய பெரியாற்று அணை 1895இல் நிறைவுற்றது. மலையைக் குடைந்து திருப்பப்பெற்ற அந்நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வீரபாண்டியைத் தொட்டு, வைகையில் கலந்து, 1959இல் திறக்கப்பெற்ற வைகை அணையில் தங்கி, பேரணை வழியாகச் சோழவந்தான் வட்டார வயல்களை அடைகிறது. பள்ளத்தாக்கும் சமவெளி வயல்களும் ஒரே தொகுதிக்குள் வந்துள்ளன. கணக்கை நோக்கி வரைந்த கோடு, நீரின் தடத்தோடு ஒத்துப்போனது.

இத்தொகுதியின் உயிர்நாடியான கோரிக்கைகள் தில்லியை நோக்கியவை என்பதும் நினைக்கத்தக்கது. 1956 நவம்பர் 1இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அணை அம்மாநில எல்லைக்குள் அமைந்தது. 1979இல் நீர்மட்டம் 152 அடியினின்று 136 அடியாகக் குறைக்கப்பெற்றது. 142 அடிக்கு உயர்த்த உச்சநீதிமன்றம் 2006இல் இசைந்தும், 2014இல் அரசியல்சாசன அமர்வு மீண்டும் உறுதிசெய்த பின்னரே அவ்வளவு நீர் தேங்கிற்று. இருப்புப்பாதையின் கதையும் இத்தகையதே. 1928இல் போடிக்கு வந்த தொடர்வண்டிப் பாதை உலகப்போர்க் காலத்தில் பெயர்க்கப்பெற்றது. 1950களில் மீண்டும் இடப்பெற்றது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மூடப்பெற்ற அப்பாதையில், 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் வண்டி திரும்பி வந்தது. கோரிக்கை பெரியகுளத்தின் பெயரால் எழுந்தது. பயன் தேனியின் பெயரால் விளைந்தது.

நிறைவாக

மாநிலங்களுக்கிடையே மக்களவை இடங்களைப் பங்கிடும் முறையை 1976இல் நிறுத்திவைத்தனர். 2001ஆம் ஆண்டின் 84ஆம் திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்பெறும் முதற் கணக்கெடுப்பு வரை அதனை நீட்டித்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய தமிழகம் தன் இடங்களை இழக்குமோ என்னும் கவலை அதனால் எழுந்துள்ளது. கோடுகள் மீண்டும் வரையப்பெறலாம். பெயர்கள் மீண்டும் மாறலாம். உத்திரமேரூர்ச் சபையின் முறைமை கல்லில் நின்றமையால் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நமக்குக் கிடைத்தது. பெரியகுளம் தொகுதியின் வரலாறோ தேர்தல் முடிவுப் பட்டியல்களிலும் முதியோர் நினைவிலும் சிதறிக் கிடக்கிறது. ஊர்ப்பெயரைப் பாட்டில் பொதிந்து காத்தது தமிழ்ப் புலவர் மரபு. அம்மரபில் வந்த கவிஞர்களும் இலக்கிய அன்பர்களும் தத்தம் ஊர் முதியோரிடம் கேட்டு, எழுதி வைத்தல் வேண்டும். அரசிதழிலிருந்து நீங்கிய பெயர் ஊரார் எழுத்திலாவது நிலைபெறட்டும்.