பட்டினி கிடக்காத மீன்

சில வருஷங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் பேச்சாளர் ஒருவர் மீன் கதை ஒன்று சொன்னார். அநேகமாக நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒரு தொட்டி, நடுவே கண்ணாடித் தடுப்பு, இந்தப் பக்கம் ஒரு பெரிய மீன், அந்தப் பக்கம் சின்ன மீன்கள். பெரிய மீன் பாய்கிறது, மூக்கில் அடிபடுகிறது, மறுபடியும் பாய்கிறது. கடைசியில் ஓய்ந்துபோகிறது. அப்புறம் கண்ணாடியை எடுத்துவிடுகிறார்கள். சின்ன மீன்கள் அதன் வாயருகிலேயே விளையாடுகின்றன, அது தொடுவதில்லை. "கண்ணெதிரே இரை இருந்தும் அந்த மீன் பட்டினி கிடந்தே செத்தது!" என்று சொல்லிப் பேச்சாளர் மேஜையைத் தட்டினார். நல்ல கைதட்டல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதன் என் விலாவில் இடித்து, "நீதாண்டா அந்த மீன்" என்றான்.

காரணம் இல்லாமல் இல்லை. ஒரு பத்திரிகை அப்போது என் கதைகளை வரிசையாக ஏழு தடவை திருப்பி அனுப்பியிருந்தது. ஏழாவதற்குப் பிறகு நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. "ஆசிரியர் மாறிவிட்டார், இப்போது அனுப்பிப் பாரேன்" என்று அவன் நச்சரித்துக்கொண்டிருந்தான். நான் அசையவில்லை. அதை மன அடக்கம் என்று நான் நினைத்திருந்தேன். அவனோ மீன் என்று சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் உறுத்தியது. இந்தக் கதைக்கு ஊர் எது, பேர் எது என்று தேட ஆரம்பித்தேன்.

கதை பொய்யல்ல, அதன் வால்தான் பொய். ஜெர்மனியில் கீல் நகரத்துப் பல்கலைக் கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்த கார்ல் மோபியஸ் 1873-இல் இதை எழுதினார். சிப்பிப் படுகைகளை ஆராய்ந்து, ஓரிடத்து உயிர்களெல்லாம் சேர்ந்து ஒரே சமூகம் என்று பின்னால் 1877-இல் சொன்னவரும் இவர்தான். மீனின் பெயர் பைக். (மோட்டார் சைக்கிள் அல்ல.) வாத்தின் அலகு போலத் தட்டையாக நீண்ட மூஞ்சி, உள்ளே வரிசை வரிசையாகப் பல். நம் குளத்து விராலைப் போல நீர்ச்செடிகளுக்குள் அசையாமல் காத்துக் கிடந்து, இரை நெருங்கியதும் அம்பாகப் பாயும். காத்திருப்பது அதற்குக் குலத்தொழில். இது நினைவில் இருக்கட்டும்.

மனிதனின் தோற்றத்தைப் பற்றிய தம் நூலின் இரண்டாம் பதிப்பில், 1874-இல், டார்வின் இதை எடுத்துச் சொல்கிறார். மூன்று மாதம் அந்த மீன் கண்ணாடியில் மோதியதாம். சில சமயம் மூர்ச்சையாகிவிடுகிற அளவுக்கு மோதல். பிறகு நிறுத்திக்கொண்டது. கண்ணாடியை எடுத்த பின்பும் பக்கத்துத் தொட்டியின் பழைய மீன்களை அது தொடவில்லை. ஆனால் புதிதாகக் கொண்டுவந்து விட்ட வேறு மீன்களை அது தாராளமாக விழுங்கிற்று.

இதைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பட்டினியாவது, சாவாவது! எந்த மீனை நெருங்கினால் அடி விழுந்ததோ அந்த மீனை விட்டுவிட்டது, அவ்வளவுதான். மற்றவற்றைத் தின்று சௌக்கியமாக இருந்திருக்கிறது. நானும் மற்றப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிக்கொண்டுதானே இருந்தேன்?

ஆனால் டார்வின் அந்த மீனைப் பாராட்டுவதற்காக இதை எழுதவில்லை. அடியையும் இரையையும் முடிச்சுப் போட அதன் மந்த புத்திக்கு மூன்று மாதம் பிடித்தது. குரங்குக்கு ஒரு தடவை பட்டாலே போதும் என்கிறார். 1901-இல் அமெரிக்காவில் நார்மன் டிரிப்லெட் பெர்ச் என்ற வேறு ஜாதி மீனை வைத்து இதையே செய்து பார்த்து, ஏறக்குறைய இதே முடிவைக் கண்டார். சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியாக ஓட்டுவதைவிடக் கூட்டத்தில் ஏன் வேகமாக ஓட்டுகிறார்கள் என்று ஆராய்ந்து பெயர் வாங்கிய அதே டிரிப்லெட்.

சிநேகிதனை நான் இன்னும் ஜெயிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. பைக் மீன் தன்னை அடக்கிக்கொள்ளவில்லை; பயந்துகொண்டது. இரை நிச்சயமாகக் கிடைக்கும் என்று தெரிந்தும், பின்னால் வரும் நன்மைக்காக இப்போது விடுவதற்குப் பெயர்தான் அடக்கம். அது மீனுக்கு உண்டா?

உண்டு என்று காட்டியது ஒரு விரல் நீளத்து மீன். கிளீனர் ராஸ் என்று பெயர். நீல உடம்பில் கறுப்புக் கோடு. நம் மன்னார் வளைகுடாப் பவளப் பாறைகளிலும் இருக்கிறது. சலூன்காரர் மாதிரி இதற்கு ஓர் இடம் உண்டு. பெரிய மீன்கள் அங்கே வந்து செவுளை விரித்து நிற்கும். இது அவற்றின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். ஒரு நாளில் இரண்டாயிரத்துக்கு மேல்கூட வாடிக்கை நடக்கும். விசேஷம் என்னவென்றால், இதற்கு உண்மையில் பிடித்தது ஒட்டுண்ணி அல்ல. வாடிக்கைக்காரரின் உடம்பில் படிந்த வழுவழுப்பான கோழை. அதைக் கடித்தால் வாடிக்கைக்காரர் துள்ளுவார். துரத்துவார், அல்லது வேறு கடைக்குப் போய்விடுவார். ஆகவே பிடித்ததை விட்டுப் பிடிக்காததைத் தின்று பிழைக்கிறது. அதிலும் வேறு மீன்கள் பார்த்துக்கொண்டிருந்தால் யோக்கியம் இன்னும் கூடிவிடுகிறது! ரெதுவான் ப்ஷாரியும் அலெக்ஸாண்ட்ரா குரூட்டரும் 2006-இல் இதை வெளியிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தெரிந்த பல மனிதர்கள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள்.

2012-இல் வந்த பரீட்சை இதைவிட ருசியானது. இரண்டு தட்டு, நிறம் வேறு, தீனி ஒன்றே. ஒரு தட்டு எப்போதும் இருக்கும். மற்றதை முதலில் தொடாவிட்டால் எடுத்துவிடுவார்கள். போகிற தட்டை முதலில் தின்றால் இரண்டும் கிடைக்கும். கபுச்சின் குரங்குகளும் ஒராங்குட்டான்களும் தோற்றுப்போயின. சிம்பன்சிகளில் சில மட்டும் தேறின. வயதுவந்த கிளீனர் மீன்கள் சுலபமாகக் கற்றுக்கொண்டன. ஆராய்ச்சியாளர்களில் ஒருவர் மிட்டாய் வைத்துத் தம் நான்கு வயதுப் பெண்ணைச் சோதித்தார். நூறு தடவைக்குள் அவளுக்கும் பிடிபடவில்லை. டார்வின் ஏணியின் அடியில் நிறுத்திய ஜாதி, குரங்கின் தலைக்கு மேல் உட்கார்ந்திருந்தது. ஆனால் அதே ஜாதியின் குஞ்சுகளும் தோற்றன என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. வாடிக்கைக்காரர்களோடு பழகிப் பழகி வருகிற புத்தி போலும் என்று எண்ணியிருந்தேன். அப்புறம் 2021-இல் இன்னொன்று வந்தது. நல்ல தீனிக்காகப் பொறுத்திருப்பதில் கிளீனர் மட்டுமல்ல, சுத்தம் செய்யும் தொழிலே இல்லாத வேறு ராஸ் மீன்களும் குரங்கினத்துக்குச் சமமாக நின்றன. என் எண்ணம் அந்த மட்டில் ஆட்டம் கண்டது.

இத்தனையையும் சிநேகிதனுக்கு நீளமாக எழுதிப் போட்டேன். புதிய மீன்களைப் பைக் தின்ற இடத்தின் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: "அது சரி, ஆசிரியர் மாறியது உனக்குத் தெரியும், அந்த மீனுக்குத் தெரியுமா?"

அந்தப் பத்திரிகைக்கு இன்னும் நான் கதை அனுப்பவில்லை.