தமிழ்நாட்டு மாணவர் போராட்டம் (2013)

தனி ஈழம் குறித்து ஈழத் தமிழரிடையே பொதுவாக்கெடுப்பு நடத்தக் கோரித் தமிழ்நாட்டு மாணவர்கள் நடத்திய அறப்போராட்டம். விடுதலைப் புலிகள் தலைவரின் 12 வயது மகன் பாலச்சந்திரன் பிரபாகரன் பதுங்கு குழியில் தின்பண்டத்துடன் அமர்ந்திருக்கும் படமும், மார்பில் குண்டு துளைத்துக் கிடக்கும் படமும் அவ்வாண்டு பிப்ரவரியில் வெளியாகி ஊரை உலுக்கின. மார்ச் 8 அன்று சென்னை இலயோலா கல்லூரி மாணவர் எட்டுப் பேர் கோயம்பேட்டில் உண்ணாவிரதம் தொடங்கினர். மூன்று நாளில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்த கதையாயிற்று. திருச்சி, மதுரை, கோவை என மாணவர்கள் சாலைக்கு வந்தனர். கட்சிகளை எட்டவே நிறுத்தினர். தமிழ்நாட்டில் அது லேசுப்பட்ட காரியமல்ல. கல்லூரிகளுக்கு அரசு காலவரையற்ற விடுமுறை விட்டது. மார்ச் 19இல் தி.மு.க. மத்தியக் கூட்டணியிலிருந்து விலகியது. 27இல் சட்டப்பேரவை பொதுவாக்கெடுப்பு கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. இடையே, 21இல், ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் 25 நாடுகளின் ஆதரவுடன் நிறைவேறிய, இலங்கை குறித்த அமெரிக்கத் தீர்மானத்தில் அக்கோரிக்கை இடம்பெறவில்லை.