ஒரு வளைவின் விலை

மல்பெரி மரம் கைகொடுக்காமல் போயிருந்தால் இந்திய ஹாக்கி வேறு மாதிரி இருந்திருக்கும். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஸ்டிக் ஆஷ் மரத்தில் செய்தது. அதன் தலை நீளமாக இருக்கும். ஓங்கி அடிக்கச் சரி, பந்தை இடமும் வலமும் புரட்டிக்கொண்டு ஓடுவதற்கு ஆகாது. மல்பெரியின் நார் நெருக்கமானது, ஆவியில் வேகவைத்து இறுக்கமாக வளைத்தாலும் பிளக்காது. அந்த மரத்தில்தான் தலை குட்டையானது. தியான் சந்த் காலத்தில் உலகமே வாய் பிளந்து பார்த்த டிரிப்ளிங்கில் பாதிப் பெருமை கைக்கு என்றால், மீதி அந்தக் குட்டைத் தலைக்கு.

அன்று ஸ்டிக்குக்குப் பேர்போன ஊர் சியால்கோட். 1947-இல் நாடு பிரிந்தபோது அங்கிருந்த கைவினைஞர்களில் பலர் எல்லை தாண்டி வந்து ஜலந்தரிலும் மீரட்டிலும் பட்டறை போட்டார்கள். நம் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானங்களுக்கு வந்த ஸ்டிக்குகள் அந்தப் பட்டறைகளின் பிள்ளைகள்.

அவற்றில் ஒன்று கோவில்பட்டிக்கு வந்தால் என்ன ஆகும் என்பதுதான் நமக்கு வேண்டிய கதை. கோவில்பட்டி 1986 வரை திருநெல்வேலி மாவட்டம், இப்போது தூத்துக்குடி. மாவட்டம் மாறினாலும் குழாயில் வருவது சீவலப்பேரியிலிருந்து ஏற்றப்படும் தாமிரபரணித் தண்ணீர்தான். ஊரைச் சுற்றிக் கரிசல். உள்ளே தீப்பெட்டி, கடலை மிட்டாய், ஹாக்கி. மற்ற ஊர்களில் தெருவுக்குத் தெரு கிரிக்கெட் ஸ்டம்பு நட்ட காலத்திலும் இங்கே சாயங்காலமானால் பையன்கள் ஸ்டிக்கோடு கிளம்பினார்கள்.

மரஸ்டிக்குக்கு மண் மைதானம் எமன். பந்து ஓடும் தரையில் ஸ்டிக்கின் தலையும் உரசிக்கொண்டே ஓட வேண்டும், ஒரு சீசனுக்குள் அடிப்பக்கம் தேய்ந்து சரிந்துவிடும். விரிசல் விட்டால் பசை தடவி, நூல் சுற்றி, மேலே டேப் ஒட்டி இன்னும் ஆறு மாதம் ஓட்டுவார்கள். பெரிய பையன் விட்டுப்போனதைச் சின்னப் பையன் எடுத்துக்கொள்வான். உயரம் சரியில்லை என்றால் பிடியில் கொஞ்சம் கீழே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெரிய பையன் எங்கே போனான்? அங்கேதான் ஆட்டக்காரர் வியாபாரம் ஆரம்பிக்கிறது. ஏலம், ஃப்ரான்சைஸ் என்ற பேச்செல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஊருக்கு ஆள் மாற்றம் தெரியும். அதற்கு இங்கே 'டிபார்ட்மெண்ட்' என்று பெயர். தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, தமிழ்நாடு போலீஸ் என்று எந்த அணி யாரை எடுக்கிறது, யார் எதை விட்டு எதற்குப் போகிறார் என்பதுதான் டீக்கடைப் பேச்சு. சம்பளம் என்பது கையில் வாங்கும் தொகை மட்டுமல்ல. குவார்ட்டர்ஸ், ரயில் பாஸ், பதவி உயர்வு, முழங்கால் போன பிறகும் நாற்காலி ஒன்று இருக்கும் என்ற நிச்சயம் எல்லாம் சேர்ந்தது அது. பெண் கொடுப்பவர்கள் கோல் கணக்கைக் கேட்டதாகத் தெரியவில்லை, எந்த டிபார்ட்மெண்ட் என்றுதான் கேட்டார்கள். இங்கே நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை அகில இந்தியப் போட்டிக்கு வடக்கிலிருந்து வரும் அணிகளைப் பாருங்கள்: எண்ணெய் நிறுவனம், வங்கி, ராணுவம், தணிக்கைத் துறை. கேலரியில் உட்கார்ந்து பார்க்கும் பையனுக்கு அது ஒரு வேலைவாய்ப்பு அலுவலகமும்கூட. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு என்பது இந்த ஊரில் இவ்வளவு கவனமாகப் படிக்கப்படுவதும் இதனால்தான்.

இதற்கிடையில் ஸ்டிக்கே மாறிப்போனது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்லைச் சுருட்டிவிட்டுச் செயற்கைத் தரையை விரித்தார்கள். இந்தியா ஏழாவது இடம். தரை வழுவழுப்பானதும் பந்தின் வேகம் ஏறியது, மரம் போதவில்லை. முதலில் மரத்தின் மேல் கண்ணாடியிழை சுற்றினார்கள், பிறகு மரத்தையே விட்டுவிட்டுக் கார்பனுக்கும் கெவ்லாருக்கும் போனார்கள். இன்று எடை 737 கிராமுக்கு மேல் போகக்கூடாது, 5.1 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்துக்குள் ஸ்டிக் நுழைந்து வர வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமானது வளைவு பற்றிய விதி. ஸ்டிக்கைத் தரையில் படுக்கவைத்தால் நடுவே வில் போலத் தூக்கி நிற்கும் அல்லவா, அந்த உயரம் 25 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? பெனால்டி கார்னரில் டிராக் ஃப்ளிக் அடிப்பவனுக்கு அந்த வளைவுதான் உயிர். பந்தை அந்தக் குழிவில் கிடத்தி, தரையோடு இழுத்து, இடுப்பைத் திருப்பி வீசுகிறான். வளைவு கீழே தள்ளி இருந்தால் பந்து இன்னும் அதிக நேரம் ஒட்டியிருக்கும், இன்னும் வேகமாகப் போகும். வளைவை ஏற்றிக்கொண்டே போனால் கோல்கீப்பர் பாடு திண்டாட்டம், அதனால்தான் விதியே வந்தது. கார்பனில் இந்த வளைவை நினைத்த இடத்தில் வார்க்கலாம். மல்பெரியில் அது நடக்காது.

இனி 2024 அக்டோபரில் டெல்லியில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்துக்கு வருவோம். ஆண்கள் பிரிவில் 8 அணிகள், அணிக்கு 4 கோடி ரூபாய். அடிப்படை விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என மூன்று படிகள். அதிக விலைக்குப் போனவர் ஹர்மன்பிரீத் சிங், 78 லட்சம், சூர்மா அணி. வெளிநாட்டவரில் முதலிடம் கோன்சாலோ பெய்லட்டுக்கு, 68 லட்சம், ஹைதராபாத் தூஃபான்ஸ். தமிழ்நாடு டிராகன்ஸ் நெதர்லாந்தின் யிப் யான்சனை 54 லட்சத்துக்கு எடுத்தது. மூவரும் டிராக் ஃப்ளிக்கர்கள். அணி முதலாளிகள் கைதூக்கியது அந்த 25 மில்லிமீட்டருக்குத்தான் என்று சொன்னால் மிகையாகாது. அந்த லீகின் இறுதிப் போட்டியில் வங்க அணிக்காக மூன்று கோல் அடித்துக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஜுக்ராஜ் சிங்கும் அதே ஜாதிதான்.

நம் ஊரில் இந்த ஏலத்தை எப்படிப் பார்த்தார்கள்? டீக்கடை பெஞ்சின் குரல் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"அண்ணாச்சி, அம்பத்தி நாலு லட்சத்துக்கு டச்சுக்காரன எடுத்துருக்கானுவ. அந்தக் காசுக்கு நம்ம பயலுவ பத்துப் பேர எடுத்துருக்கலாம்லா?"

"பத்துப் பேர எடுத்துட்டு, கார்னர யாருல அடிக்க?"

இரண்டு பேர் சொல்வதும் சரி. கோவில்பட்டி அரசு ஹாக்கி மையத்தில் பழகி இந்திய சீனியர் அணிக்குப் போன எஸ்.மாரீஸ்வரனும் எஸ்.கார்த்தியும் முன்கள வீரர்கள். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக, தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே கோல் போட்டார் அரியலூர்க்காரரான கார்த்தி. 1-1 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோல் அது. பின்னால் டிராகன்ஸ் அணியிலும் ஆடினார். மண்ணில் வளர்ந்த ஊர் ஓடவும் வெட்டவும் புரட்டவும் கற்றுக்கொடுத்துவிடும். டிராக் ஃப்ளிக் மண்ணில் வராது. அதற்குச் செயற்கைத் தரை வேண்டும், தினமும் நூற்றுக்கணக்கில் வீசிப் பழக வேண்டும், இடுப்பும் ஸ்டிக்கும் அதைத் தாங்க வேண்டும். கிருஷ்ணா நகரில் செயற்கைத் தரை வந்துவிட்டது. ஆனால் அது நனைந்தால்தான் ஒழுங்காக ஆடும், ஆட்டத்துக்கு முன் ஆயிரக்கணக்கான லிட்டர் குடிக்கும். குடிதண்ணீருக்கே ஆற்றைப் பார்த்திருக்கும் கரிசல் ஊரில் அதுவும் ஒரு செலவுக் கணக்கு.

'சம்பளம் எக்கச்சக்கமாக ஏறிப்போச்சு' என்ற புலம்பலில் எனக்குச் சந்தேகம் உண்டு. 2012 டிசம்பரில் நடந்த முதல் ஏலத்தில் சர்தார் சிங்குக்குக் கிடைத்தது 78,000 டாலர். 2015-இல் ஜெர்மனியின் மோரிட்ஸ் ஃபுயர்ஸ்டே 1,05,000 டாலருக்குப் போனார். ஹர்மன்பிரீத்தின் 78 லட்சத்தை 2024 ஏல நேரத்து மதிப்பில் மாற்றினால் 93,000 டாலர் பக்கம் வரும். ஏறியதில் பாதிக்கு மேல் ரூபாயின் சரிவு. கிரிக்கெட் பக்கம் திரும்பினால் இன்னும் கூத்து: அடுத்த மாதமே நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் ரிஷப் பந்த் ஒருவருக்கு 27 கோடி. ஹாக்கி லீகின் எட்டு ஆண்கள் அணிகளும் சேர்ந்து செலவழிக்க அனுமதிக்கப்பட்ட தொகை 32 கோடி.

உண்மையில் கவலைப்பட வேண்டியது லீகின் ஆயுளைப் பற்றி. 2005-இல் பிரீமியர் ஹாக்கி லீக் வந்தது, சென்னை வீரன்ஸ் என்று அணி இருந்தது, 2008-ஓடு சரி. 2012-இல் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி, சென்னை சீட்டாஸ். இரண்டாவது சீசன் நடக்கவேயில்லை. ஹாக்கி இந்தியா லீக் 2013-இல் பிறந்து 2017-இல் மூடி, 2024 கடைசியில் மறுபடி கண் திறந்தது. முதல் இரண்டின் ஜெர்சிகள் இன்று யாருடைய பரணில் கிடக்கின்றனவோ. ரயில்வே அணி இருக்கிறது, வங்கி அணி இருக்கிறது. சில வார லீக் முடிந்ததும் லட்சங்களுக்கு விலைபோனவர்களில் பலர் தங்கள் டிபார்ட்மெண்ட் வருகைப் பதிவேட்டுக்குத் திரும்புகிறார்கள். மகனை ஸ்டிக்கோடு அனுப்பும் அம்மா ஏலத்தை ஒரு போனஸ் போலத்தான் பார்ப்பாள். அவள் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

ஸ்டிக் பயணமும் முடிந்தபாடில்லை. நல்ல கார்பன் ஸ்டிக்கின் விலை பல ஆயிரங்களில் நிற்கிறது. மரமென்றால் விரிசல் கண்ணுக்குத் தெரியும், நூல் சுற்றலாம். கார்பன் உள்ளுக்குள் நொறுங்கினால் வேறு வாங்குவதைத் தவிர வழியில்லை. இன்றும் வேலை கிடைத்துப் போகும் சீனியரின் ஸ்டிக் ஜூனியர் கைக்கு வருகிறது. ஆனால் அது இன்னொருவன் உயரத்துக்கும் இன்னொருவன் ஆட்டத்துக்கும் வார்த்த வளைவு. மேலே அறுத்து நீளத்தைக் குறைக்கலாம், வளைவை மாற்ற முடியாது. முன்கள வீரனின் ஸ்டிக்கை வைத்துக்கொண்டு கார்னர் பழகுகிற பையன் பாதித் திறமையை ஸ்டிக்கோடு சண்டை போடுவதிலேயே செலவழிக்கிறான்.

2025 செப்டம்பரில் மினி ஏலம் வந்தது. அணிகள் சிலரை வைத்துக்கொண்டு சிலரை விடுவித்தன, பெஞ்சுக்கும் பேச வேலை வந்தது.

"டச்சுக்காரனுக்குக் குடுத்ததுல கால் பங்க நம்ம பயலுவளுக்குக் கார்னர் பழக்கக் குடுத்தா, அடுத்த தடவ வெளிநாட்டுல தேட வேண்டாம்லா?"

"பழக்குவ. அப்புறம் ஏலத்துல பஞ்சாப்காரன் அள்ளிட்டுப் போயிருவான்."

"போட்டும். அந்தப் பயலுக்குத் துட்டு வருமா வராதா?"

அதற்கு எதிர்த்தரப்பு இன்னொரு டீ சொன்னது.