டெஸ்க்டாப் சென்ட்ரல்

டெஸ்க்டாப் சென்ட்ரல் என்பது ஒரு நிறுவனத்தின் வலையமைப்பிலுள்ள கணினிகள் அனைத்தையும் ஒரே வழங்கியிலிருந்து மேலாண்மை செய்ய உதவும் மென்பொருள் ஆகும். இதனை ஸோகோ நிறுவனம் தனது மேனேஜ்என்ஜின் என்னும் வணிகப் பெயரின்கீழ் உருவாக்கி விற்பனை செய்து வருகிறது. 2022 முதல் இம்மென்பொருள் எண்ட்பாயிண்ட் சென்ட்ரல் என்ற பெயரில் வழங்கப்படுகிறது. புதிய மென்பொருட்களை நிறுவுதல், பாதுகாப்புத் திருத்தங்களைப் பரப்புதல், வன்பொருள் மற்றும் மென்பொருள் கணக்கெடுப்பு, தொலைவிலிருந்து கணினியை இயக்குதல் ஆகியவை இதன் முதன்மைப் பணிகள்.

ஒவ்வொரு கணினியிலும் நிருவாகி உரிமையுடன் செயற்படக்கூடியது என்பதால், இம்மென்பொருள் நிறுவப்பட்டுள்ள வழங்கி ஒரு நிறுவனத்தின் மிக முக்கியமான கணினிகளுள் ஒன்றாகிறது. அதனை நிறுவும் முறையும் பாதுகாக்கும் முறையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க இயலாதவை.

வரலாறு

கணினிகளை மையத்திலிருந்து மேலாண்மை செய்யும் மென்பொருட்கள் 1990களில் பரவலாயின. மைக்ரோசாப்ட் நிறுவனம் 1994 இல் சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட் சர்வர் என்ற மென்பொருளை வெளியிட்டது. அதுவரை ஒரு நிறுவனத்தில் நூறு கணினிகள் இருந்தால், ஒரு மென்பொருளை நிறுவத் தொழில்நுட்பப் பணியாளர் நூறு மேசைகளுக்கும் குறுந்தகட்டுடனோ நெகிழ்வட்டுடனோ செல்ல வேண்டியிருந்தது.

ஸோகோ நிறுவனம் 1996 இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. அதன் தொடக்ககால மென்பொருட்கள் வலையமைப்பு மேலாண்மை சார்ந்தவை. 2002 இல் மேனேஜ்என்ஜின் என்ற பெயரில் நிறுவனங்களின் தகவல் தொழில்நுட்பத் துறையினருக்கான மென்பொருட்களை வெளியிடத் தொடங்கியது. 2009 இல் அட்வென்ட்நெட் என்ற பெயர் ஸோகோ கார்ப்பரேஷன் என மாற்றப்பட்டது. சென்னைக்கு வெளியே அந்நிறுவனம் 2011 இல் தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் ஓர் அலுவலகத்தைத் தொடங்கியது. அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த தென்காசி, சங்கரன்கோவில் ஆகிய ஊர்கள் 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தில் அடங்குகின்றன.

டெஸ்க்டாப் சென்ட்ரலின் தொடக்கப் பதிப்புகள் விண்டோஸ் கணினிகளை மட்டுமே மேலாண்மை செய்தன. பின்னர் மேக், லினக்ஸ் இயங்குதளங்களும் கைபேசிகளும் சேர்க்கப்பட்டன.

அமைப்பு

இம்மென்பொருள் பின்வரும் பகுதிகளைக் கொண்டது.

வழங்கி: மேலாண்மை ஆணைகள், கணக்கெடுப்புத் தரவுகள் ஆகியவை இங்கு சேமிக்கப்படுகின்றன. நிருவாகி உலாவி வழியாக இதனுள் நுழைந்து பணிபுரிகிறார்.

தரவுத்தளம்: மென்பொருளுடனேயே போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் தரவுத்தளமும் நிறுவப்படுகிறது. பெரிய நிறுவனங்கள் அதற்குப் பதிலாக மைக்ரோசாப்ட் எஸ்கியூஎல் சர்வரைப் பயன்படுத்தலாம்.

ஏஜென்ட்: மேலாண்மை செய்யப்படும் ஒவ்வொரு கணினியிலும் நிறுவப்படும் சிறு நிரல். கணினி தொடங்கும்போதும், பயனர் உள்நுழையும்போதும், அதன்பின் 90 நிமிடங்களுக்கு ஒருமுறையும் இது வழங்கியைத் தொடர்புகொண்டு தனக்கான ஆணைகள் உள்ளனவா எனக் கேட்கிறது.

பகிர்வு வழங்கி: கிளை அலுவலகங்களில் வைக்கப்படுவது. மைய வழங்கியிலிருந்து கோப்புகளை ஒருமுறை மட்டும் பெற்று, அக்கிளையின் கணினிகளுக்கு அளிக்கிறது.

வழக்கமான நேரங்களில் ஏஜென்ட்தான் வழங்கியைத் தேடிச் செல்கிறது. ஆகவே வழங்கியின் முகவரி மாறினால் ஏஜென்டுகள் அதனைக் கண்டறிய முடியாமல் போகும்.

நிறுவலுக்கு முன்

நிறுவலைத் தொடங்குமுன் பின்வருவனவற்றை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

- விண்டோஸ் இயங்குதளம் கொண்ட தனிக் கணினி ஒன்றை ஒதுக்குதல். நினைவகம், வட்டு ஆகியவற்றின் அளவு, மேலாண்மை செய்யப்படும் கணினிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அமைய வேண்டும். திருத்தக் கோப்புகள் இக்கணினியிலேயே சேமிக்கப்படுவதால் வட்டில் கூடுதல் இடம் தேவை.
- அக்கணினிக்கு மாறாத ஐ.பி. முகவரி அளித்தல்.
- தீச்சுவரில் உரிய போர்ட்டுகளைத் திறத்தல். இயல்பாக 8020 உலாவி அணுக்கத்திற்கும், 8383 மறையாக்கப்பட்ட அணுக்கத்திற்கும், 8027 உடனடி ஆணைகளுக்கும் பயன்படுகின்றன.
- அதே கணினியில் மின்னஞ்சல், கணக்கு மென்பொருள் போன்ற வேறு பணிகளை இயக்காதிருத்தல்.

நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் சில நேரங்களில் தரவுத்தளக் கோப்புகளைப் பூட்டிவிடும். எனவே நிறுவல் ஆவணத்தில் குறிப்பிடப்படும் அடைவுகளுக்கு மட்டும் விலக்களிப்பது வழக்கம். நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளையே நிறுத்திவிடுவது தவறான நடைமுறையாகும்.

நிறுவும் முறை

நிறுவல் கோப்பை நிருவாகி உரிமையுடன் இயக்கினால், அடைவு, போர்ட் எண்கள் ஆகியவை கேட்கப்படும். நிறுவல் முடிந்ததும் மென்பொருள் ஒரு விண்டோஸ் சேவையாக இயங்கத் தொடங்கும். பின்னர் உலாவியில் வழங்கியின் முகவரியையும் போர்ட் எண்ணையும் இட்டு உள்நுழையலாம்.

நெடுங்காலம் இதன் தொடக்கப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அட்மின் என்ற ஒரே சொல்லாகவே இருந்தன. இது எல்லோரும் அறிந்தது என்பதால் முதல் உள்நுழைவிலேயே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். அத்துடன் இரு காரணி உறுதிப்பாட்டை இயக்குவதும், உலாவி அணுக்கத்தை மறையாக்கப்பட்ட போர்ட்டுக்கு மட்டும் கட்டுப்படுத்துவதும், ஒவ்வொரு பணியாளருக்கும் தனிக் கணக்கு அளிப்பதும் அதே நாளில் முடிக்க வேண்டிய பணிகள். ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்தினால், தவறான ஆணையை அனுப்பியவர் யார் எனப் பின்னர் அறிய இயலாது.

அமைவடிவம்

மேலாண்மை எல்லை

எந்தக் கணினிகளை மேலாண்மை செய்வது என வரையறுப்பதே முதற்படி. ஆக்டிவ் டைரக்டரி டொமைன் உள்ள நிறுவனங்களில், டொமைன் நிருவாகியின் சான்றுகளை அளித்தால் கணினிகளின் பட்டியல் தானாகக் கிடைக்கும். அப்பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்த கணினிகளில் ஏஜென்டை மையத்திலிருந்தே நிறுவலாம். இதற்கு அக்கணினிகளில் கோப்புப் பகிர்வும் அதற்குரிய 135, 139, 445 ஆகிய போர்ட்டுகளும் திறந்திருக்க வேண்டும். டொமைன் இல்லாத சிறு அலுவலகங்களில் ஏஜென்டை ஒவ்வொரு கணினியிலும் நேரடியாக நிறுவலாம்.

முதல் நாளிலேயே எல்லாக் கணினிகளையும் சேர்ப்பதைவிட ஐந்து அல்லது பத்துக் கணினிகளில் தொடங்கி, ஏஜென்ட் முறையாகத் தொடர்புகொள்வதைக் கண்டபின் விரிவாக்குவது நல்லது.

கிளை அலுவலகம்

எடுத்துக்காட்டாக, சென்னையில் தலைமை அலுவலகமும் சங்கரன்கோவிலில் 20 கணினிகள் கொண்ட கிளையும் உடைய ஒரு நிறுவனத்தைக் கொள்ளலாம். கிளையின் இணைய இணைப்பு வினாடிக்கு 4 மெகாபிட் எனவும், ஒரு மாதத்துத் திருத்தத்தின் அளவு 300 மெகாபைட் எனவும் வைத்துக்கொண்டால், ஒரு கணினி அதனைப் பெற 10 நிமிடங்கள் ஆகும். 20 கணினிகளும் சென்னையிலிருந்து தனித்தனியே பெற்றால் மொத்தம் 6000 மெகாபைட் வருவதற்கு 3 மணி 20 நிமிடங்கள் ஆகும். அந்நேரம் முழுவதும் கிளையின் பிற பணிகள் தடைப்படும்.

கிளையில் ஒரு கணினியைப் பகிர்வு வழங்கியாக அமைத்தால் 300 மெகாபைட் ஒருமுறை மட்டுமே இணைப்பின் வழியே வருகிறது. எஞ்சிய 19 கணினிகளும் அதனை உள்ளூர் வலையமைப்பிலிருந்து பெற்றுக்கொள்கின்றன. பகிர்வு வழங்கி எப்பொழுது, எவ்வளவு வேகத்தில் மைய வழங்கியிலிருந்து கோப்புகளைப் பெறலாம் என்பதையும் வரையறுக்கலாம். பகிர்வு வழங்கிக்கு மின்தடையைத் தாங்கும் யு.பி.எஸ். இணைப்பு இருப்பது அவசியம். மாலையில் கணினிகளை அணைத்துவிடும் அலுவலகங்களில் இரவு நேர நிறுவல் நடைபெறாது. அங்கு மறுநாள் கணினி தொடங்கும்போது நிறுவும்படி ஆணையிட வேண்டும்.

திருத்தங்கள்

பேட்ச் எனப்படும் பாதுகாப்புத் திருத்தங்களைப் பரப்புதலே இம்மென்பொருளின் மிக முக்கியப் பயனாகும். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2003 அக்டோபர் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிட்டு வருகிறது. அவை இந்தியாவில் அன்றிரவு கிடைக்கின்றன.

திருத்தங்களைத் தாமதமின்றி நிறுவுவதன் இன்றியமையாமையை வான்னாகிரை நச்சுநிரல் உலகிற்கு உணர்த்தியது. அது பயன்படுத்திய விண்டோஸ் பிழைக்கு 2017 மார்ச் 14 அன்றே திருத்தம் வெளிவந்திருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின், மே 12 அன்று நச்சுநிரல் பரவத் தொடங்கி, சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. ஆதரவில் இருந்த விண்டோஸ் பதிப்புகளில் திருத்தம் நிறுவியிருந்தோர் அப்பிழையின் வழியான பரவலிலிருந்து தப்பினர்.

மறுபுறம், சோதிக்கப்படாத திருத்தம் ஒன்று அலுவலகம் முழுவதையும் முடக்கவும் கூடும். இவ்விரு இடர்களுக்கும் இடைப்பட்ட வழியாக, சில கணினிகளைச் சோதனைக் குழுவாக அமைத்து, அங்கு ஓரிரு நாட்கள் இயங்கிய திருத்தங்களை மட்டும் எஞ்சியவற்றுக்கு அனுப்பும் வசதி மென்பொருளில் உள்ளது. சோதனைக் குழுவில் கணக்குப் பிரிவு, அச்சுப்பொறி இணைந்த கணினி, பழைய மென்பொருள் இயங்கும் கணினி என ஒவ்வொரு வகையிலும் ஒன்றேனும் இடம்பெற வேண்டும்.

தொலை இயக்கமும் தனியுரிமையும்

நிருவாகி தொலைவிலிருந்து ஒரு பணியாளரின் திரையைக் கண்டு இயக்க முடியும். அதற்கு முன் பணியாளரின் இசைவைக் கேட்கும்படி அமைக்கும் வசதி உள்ளது. இதனை இயக்கி வைப்பதும், கணினியில் எவை கண்காணிக்கப்படுகின்றன என்பதைப் பணியாளருக்கு எழுத்தில் தெரிவிப்பதும் முறையான நடைமுறைகள்.

பாதுகாப்புச் சிக்கல்கள்

இம்மென்பொருளின் ஆற்றலே அதன் இடரும் ஆகும். வழங்கியைக் கைப்பற்றியவர் அதன் மேலாண்மையிலுள்ள கணினிகள் அனைத்திலும் தாம் விரும்பிய நிரலை நிறுவ முடியும்.

2020 மார்ச் 5 அன்று பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்டீவன் சீலி, டெஸ்க்டாப் சென்ட்ரலில் இருந்த ஒரு பிழையைத் திருத்தம் வெளிவருமுன்னரே பொதுவில் வெளியிட்டார். சிவிஇ-2020-10189 எனக் குறிக்கப்படும் இப்பிழையின் வழியாக, கடவுச்சொல் ஏதுமின்றி வழங்கியில் உச்ச உரிமையுடன் நிரலை இயக்க முடிந்தது. ஓரிரு நாட்களில் ஸோகோ திருத்தத்தை வெளியிட்டது. எனினும் மார்ச் 8 முதலே ஏபிடி41 என்னும் தாக்குதல் குழு இப்பிழையைப் பயன்படுத்தியதாக ஃபயர்ஐ நிறுவனம் தெரிவித்தது.

2021 டிசம்பர் 3 அன்று சிவிஇ-2021-44515 என்ற மற்றொரு பிழைக்குத் திருத்தம் அறிவிக்கப்பட்டது. உறுதிப்பாட்டைக் கடந்து உள்நுழைய வழிவகுத்த இப்பிழை, அவ்வாண்டு அக்டோபர் இறுதியிலிருந்தே தாக்குதல்களில் பயன்பட்டு வந்ததாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்தது.

இச்சிக்கல் ஒரே நிறுவனத்தின் மென்பொருளுக்கு மட்டும் உரியதன்று. 2021 ஜூலை 2 அன்று கசேயா நிறுவனத்தின் இதுபோன்ற மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்தி ரெவில் குழு நடத்திய பணயத் தாக்குதலில், 800 முதல் 1500 வரையிலான நிறுவனங்கள் பாதிக்கப்பட்டதாக கசேயா மதிப்பிட்டது.

இந்நிகழ்வுகளிலிருந்து பெறப்படும் நடைமுறைகள் வருமாறு:

- வழங்கியின் உலாவிப் பக்கத்தை இணையத்திற்கு நேரடியாகத் திறக்காதிருத்தல். வெளியிலுள்ள மடிக்கணினிகளுக்கு இடைநிலைப் பாதுகாப்பு நுழைவாயில் ஒன்றை அமைத்தல்.
- மேலாண்மை மென்பொருளுக்கான திருத்தங்களை உடனுக்குடன் நிறுவுதல். பிற கணினிகளைப் புதுப்பிக்கும் வழங்கி தானே பழைய பதிப்பில் இருப்பது பரவலாகக் காணப்படும் குறைபாடாகும்.
- பணியிலிருந்து விலகியவர்களின் கணக்குகளை அன்றே நீக்குதல்.
- செயற்பதிவுகளைப் பேணுதல். இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும், இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவும் நிறுவனங்களைப் பணிக்கிறது.

காப்புப்படியும் மேம்படுத்தலும்

தரவுத்தளத்தைக் குறிப்பிட்ட நேரத்தில் தானாகக் காப்புப்படி எடுக்கும் வசதி மென்பொருளிலேயே உள்ளது. காப்புப்படியை அதே வட்டில் வைத்தால் வட்டு பழுதடையும்போது இரண்டும் இழக்கப்படும். எனவே அதனை வேறொரு கணினிக்கு மாற்றி வைக்க வேண்டும். காப்புப்படியிலிருந்து மீட்டெடுக்க முடிகிறதா என்பதையும் அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும்.

புதிய பதிப்புக்கு மாறுவதற்கு பி.பி.எம். வடிவக் கோப்பு வழங்கப்படுகிறது. சேவையை நிறுத்தி, காப்புப்படி எடுத்தபின், மேம்படுத்தும் கருவியின் வழியாக இக்கோப்பை நிறுவ வேண்டும். மிகப் பழைய பதிப்புகளிலிருந்து நேரடியாக அண்மைப் பதிப்புக்கு மாற இயலாது. இடைப்பட்ட பதிப்புகளை வரிசையாகக் கடந்தே வர வேண்டும். ஆகவே மேம்படுத்தலை நெடுங்காலம் தள்ளிப்போடுவது, அவசரத் திருத்தம் ஒன்று தேவைப்படும் நாளில் பெரும் தாமதத்தை உண்டாக்கும்.

ஒத்த மென்பொருட்கள்

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கான்ஃபிகரேஷன் மேனேஜர், இன்ட்யூன் ஆகியவை இதே பணிகளைச் செய்யும் மென்பொருட்கள். கணக்கெடுப்பு மட்டும் தேவைப்படும் நிறுவனங்கள் ஓ.சி.எஸ். இன்வென்டரி, ஜி.எல்.பி.ஐ. போன்ற கட்டற்ற மென்பொருட்களைப் பயன்படுத்தலாம். எதனைத் தேர்ந்தெடுப்பினும், மைய வழங்கியைத் தனிமைப்படுத்திப் பாதுகாத்தல், அதனை முதலில் புதுப்பித்தல் ஆகிய இரண்டும் பொதுவான விதிகளாகும்.

இவற்றையும் பார்க்க

- வழங்கி
- தீச்சுவர்
- கணினி நச்சுநிரல்
- ஸோகோ
- தென்காசி மாவட்டம்