விழுப்புரத்தில் தொலைந்த 'ப்'

விழுப்புரம் ஜங்ஷன் மஞ்சள் பலகையில் தமிழ்ப் பெயர் சரியாகத்தான் இருக்கு. கோளாறு ஆங்கிலத்தில்: எல் ரெண்டு, பி ஒண்ணு. தமிழ் தெரியாதவர் எழுத்துக் கூட்டினால் 'வில்லுபுரம்' என்றுதான் வரும். இரட்டிக்க வேண்டிய எழுத்தை விட்டுவிட்டு வேறொன்றை இரட்டித்திருக்கிறார்கள்.

'விழுப்புண்', 'விழுப்பொருள்' சொல்லிப் பாருங்கள். 'விழு' என்றால் சிறந்த. பின்னால் வல்லினம் வந்ததும் நடுவில் ஒற்று மிகுகிறது. ஊர்ப்பெயரின் ஓசையும் அதேதான். அசை பிரித்தால் விழுப்/புரம், நிரை நிரை, கருவிளம். 'வில்லுபுரம்' ஆனால் வில்/லுபு/ரம், கூவிளங்காய். நடு அசையில் முதல் சொல்லின் வாலும் அடுத்ததன் தலையும் ஒட்டிக்கொள்கின்றன.

பக்கத்து ஊர் திண்டிவனமும் கூவிளங்காய்தான். 'திந்திரிணி வனம்', அதாவது புளியங்காடு, திரிந்த பெயர் என்பார்கள். 'வ' வல்லினம் இல்லை, ஒற்று மிகாது. அதனால் அங்கே தொலைக்க எதுவும் இல்லை. (திண்டி தின்கிற ஊர் என்ற பழைய ஜோக்கை விட்டுவிடுவோம்.)

ஆங்கிலத்தில் இரட்டை எழுத்தின் வேலையே வேறு. 'ஹேப்பி'யை நாம் ரெண்டு 'ப்' போட்டு அழுத்துகிறோம். ஆங்கிலேயர் வாயில் ஒண்ணுதான். முன்னால் இருப்பது குறில் என்று காட்டத்தான் பெரும்பாலும் அந்த இரட்டிப்பு. ஆனால் 'ஃபுல்-லெங்த்', 'பார்ட்-டைம்' மாதிரி கூட்டுப் பெயரடைகளில் கதை மாறும். இரு சொல் ஒட்டும் இடத்தில் ஒரே மெய் சந்தித்தால் நாக்கு அங்கே ஒரு கணம் நிற்கும். அசையும் அங்கேதான் பிரியும். நம்ம 'ப்' செய்கிற வேலைக்கு ஆங்கிலத்தில் நெருங்கிய உறவு இதுதான். வகுப்பில் நடுக்கோட்டைக் காட்டுவதோடு விட்டுவிடுகிறோம், நிறுத்தத்தைச் சொல்லித் தருவதில்லை.

1879இல் புதுச்சேரிக்குக் கிளைப்பாதை போட்டதிலிருந்தே இது ஜங்ஷன். 1993 செப்டம்பர் 30இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து மாவட்டமானது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு எல், ரெண்டு பி போட்டது. 'ழ' இல்லாவிட்டாலும் ஒட்டு சரியான இடத்தில் விழுந்தது; என் ஓட்டு அதற்குத்தான். 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றுவதாகத் தமிழக அரசு அறிவித்து, சில நாளிலேயே திரும்பப் பெற்றது. அந்தச் சண்டை முழுக்க 'ழ'வை எப்படி எழுதுவது, 'த'வுக்கு எத்தனை எழுத்து என்பதிலேயே போச்சு. ஒற்றைப் பற்றி யாரும் மூச்சு விட்ட மாதிரி தெரியவில்லை.